ஐம்பது ரூபாய் பாக்கி

ஒரு பெண் மாதத்தில் ஒரு நாள் வேலைக்கு நடுவில் இறங்கிப்போய், தனக்குத் தேவையே இல்லாத ஆயிரம் ரூபாயைக் கடன் அட்டை போட்டு வங்கி மெஷினில் வட்டிக்கு எடுக்கிறாள். அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைக்கிறாள். பில் வந்ததும் அதே ஆயிரத்தோடு இருநூறு ரூபாய்க்கு மேல் தண்டமும் சேர்த்துத் திருப்பிக் கட்டுகிறாள். இப்படிச் சொன்னால், கேட்பவர்கள் அவளுக்கு மூளை தட்டிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆரையம்பதி யசோதினிக்கு மூளையில் ஒரு பிழையும் இல்லை. கணக்கில் அவள் கெட்டிக்காரி. அந்த இருநூறு ரூபாய் எதற்குப் போகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தக் கடன் அட்டை வீட்டுக்குள் வந்ததற்கு மூலகாரணம் சுனாமிதான். கடல் வந்து அவர்களுடைய வீட்டையும், புருஷன் மதுரனின் தகப்பனையும் கொண்டுபோனது. கடலுக்குப் பின்னால் வெள்ளை வாகனங்களில் தொண்டு நிறுவனங்கள் வந்தன. தொண்டு நிறுவனங்களுக்குப் பின்னால் வங்கிகள் வந்தன. அதுவரை அரிசி ஆலையொன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மதுரனுக்கு, வீடு கட்டும் திட்டமொன்றில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. அவன் தன் வாழ்நாளில் கண்டிராத சம்பளம். அந்தச் சம்பளத்தின் வாசனை எப்படித்தான் எட்டியதோ, ஒரு நாள் வங்கிக்காரர்கள் அலுவலக வளவுக்குள்ளேயே வேப்பமர நிழலில் மேசை போட்டுவிட்டார்கள். சம்பளச் சிட்டையைக் காட்டினால் போதும், அட்டை வரும்.

மேசைக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வியர்த்தபடி இருந்தவன் காத்தான்குடி இர்ஷாத். நல்ல பெடியன், பொய் சொல்லத் தெரியாதவன். சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லியும் விட்டான்.

"சாமான் வாங்கினீங்கண்டா அம்பது நாளைக்கு வட்டி இல்ல அண்ணன். ஆனா மெஷின்ல காசா எடுத்தா அண்டைக்கே வட்டி தொடங்கிரும். எடுக்கிற கூலி வேற. நூத்துக்கு மூணு, ஆகக் கொறஞ்சது இருநூறு ரூபா."

சாமான் வாங்கவாம்! அந்த நாளில் ஆரையம்பதியில் எந்தக் கடையில் அட்டை போடுவது? மீன்காரியிடம் நீட்டினால் அவள் அதாலேயே செதில் உரித்துவிட்டுத் திருப்பித் தந்திருப்பாள். மதுரன் சிரித்துக்கொண்டே தனக்கொன்றும், அதே கணக்கில் மனைவிக்கு இணை அட்டையாக ஒன்றும் எடுத்தான். சம்பளம் பிந்தும் மாதங்களில் மட்டும் மெஷினுக்குப் போவான். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எடுக்கவே மாட்டான். அதற்கு மேல் கடன் எடுத்தால் நித்திரை வராதாம்.

2008ஆம் ஆண்டு நடுவில் ஒரு நாள், வாழைச்சேனையில் பாதி கட்டிய வீடுகளைப் பார்த்துவர அவன் மோட்டார் சைக்கிளில் போனான். போன வேலையை முடித்துக்கொண்டு திரும்பியும் இருக்கிறான். வந்தாறுமூலைக்குக் கிட்ட, ரோட்டோரத்தில், சாவியோடு மோட்டார் சைக்கிள் நின்றது. ஆள் இல்லை. யசோதினியும் மாமியார் சீதேவிப்பிள்ளையும் பொலிசுக்குப் போனார்கள், முகாம்களுக்குப் போனார்கள், மனித உரிமை என்று போர்டு போட்ட எல்லா வாசல்களிலும் போய் நின்றார்கள். எல்லோரும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பேர்ஸ் அவனோடு போயிருந்தது. பேர்ஸுக்குள் அட்டை. "பேங்கில சொல்லி அந்தக் காட்டைப் பூட்டு, ஆரும் எடுத்துச் செலவழிச்சுப் போடுவானுகள்" என்று ஊரில் பலர் புத்தி சொன்னார்கள். அவள் பூட்டவில்லை. யாராவது செலவழிக்கட்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். அந்த அட்டை எங்காவது ஒரு மெஷினுக்குள் போனால் ஊரும் திகதியும் பில்லில் விழும். விழுந்தால் அவன் எந்தத் திசையில் இருக்கிறான் என்றாவது தெரியும். முகாமும் பொலிசும் சொல்லாததை வங்கியாவது சொல்லட்டும்.

ஆனால் ஆறு மாதம் பாவிக்காத கணக்கை வங்கி ரத்து செய்துவிடும் என்று இர்ஷாத் சொன்னான். அதனால்தான் அந்த ஆயிரம் ரூபாய்; ஆறு மாதக் கணக்கை நம்பாமல் அவள் மாதா மாதம் எடுத்தாள். அவள் தன் இணை அட்டையைப் போட்டுப் பணம் எடுக்க எடுக்க, எங்கோ இருக்கிற அவனுடைய அட்டையும் உயிரோடு இருந்தது. இருநூறு ரூபாய் கூலியும், எடுத்த நாளிலிருந்து ஓடும் வட்டியும் அதற்கான செலவு. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

உண்மையில் அவள் எதையுமே பெரிதாக நினைக்கவில்லை. சுனாமிக்கு அழுதாள், தலையில் அடித்து அழுதாள். இதற்கு அழுகை வரவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு நாக்கில் ஒன்றும் உறைக்காதே, அப்படி இருந்தது அவளுக்கு. எழும்பினாள், சமைத்தாள், பொட்டு வைத்துக்கொண்டாள், பஸ் ஏறினாள். கல்லடிப் பாலத்தில் இறக்கிச் சோதித்தால் இறங்கினாள், ஏறச் சொன்னால் ஏறினாள். பாலத்துக்குக் கீழே வாவியில் தோணிகள் நிற்பதைப் பார்ப்பாள், ஆனால் பார்த்ததாக ஞாபகம் இருக்காது.

டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் அவளுக்கு வேலை. போட்டோக் கொப்பி அடிப்பதும், விண்ணப்பம் டைப் செய்து கொடுப்பதும். அந்த நாட்களில் அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் அவளைப் போன்றவர்கள்தான். மகனைத் தேடுகிறவர்கள், புருஷனைத் தேடுகிறவர்கள். சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு படத்தை மெஷின் கண்ணாடியில் குப்புறக் கவிழ்த்து, மூடியை மூடி, பச்சை வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கொப்பி சூடாக வெளியே வரும். எண்ணிக் கொடுத்து, காசை வாங்கி, மிச்சம் கொடுப்பாள்.

வங்கி பில் வீட்டுக்கு மாத நடுவில் தபாலில் வரும். இங்கிலீசில்தான் வரும், ஆனால் அவளுக்கு அது மனப்பாடம். தாளில் மேல் பாதி மதுரனின் அட்டை எண்ணுக்கு. அதன் கீழ் வெறுமை. கீழ்ப் பாதி அவளுடைய எண்ணுக்கு. அதில் ஆயிரம், கூலி, வட்டி. அவள் மேல் பாதியை முதலில் பார்ப்பாள். வெறுமையாக இருக்கும். மடித்து வைத்துவிட்டு உலையில் அரிசி போடுவாள்.

2009 பங்குனி மாதப் பில்லில் மேல் பாதி வெறுமையாக இல்லை.

மார்ச் நாலாம் திகதி. பணக் கடன். கொழும்பு. ஐந்நூறு ரூபாய்.

ஒரே ஒரு வரி. அவனுடைய எண்ணுக்குக் கீழே. அவள் அதை நின்றுகொண்டே வாசித்தாள், பிறகு இருந்துகொண்டு வாசித்தாள். ஐந்நூறு. அவன் கை எடுக்கிற தொகை. கள்ளன் ஒருவன் எடுத்திருந்தால் ஐந்நூறோடு நிறுத்தியிருப்பானா? அட்டையில் கிடந்த அவ்வளவையும் வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருக்க மாட்டானா? அவள் இதையெல்லாம் மெதுவாக, ஒழுங்காக யோசித்தாள். சந்தோஷம் வரும் என்று பார்த்தாள். வந்தது சந்தோஷம்தானா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. கால் இரண்டும் குளிர்ந்துபோனது மட்டும் தெரிந்தது.

அங்கேதான் அவள் பிழை விட்டாள். வங்கியில் போய்க் கேட்டுவிட்டு வாயைத் திறந்திருக்க வேண்டும். இத்தனை மாதம் வாயைப் பூட்டி வைத்திருந்தவளுக்கு அன்றைக்கென்று பொறுக்க முடியாமல் போய்விட்டது.

சீதேவிப்பிள்ளை முற்றத்தில் இருந்து இறால் ஓடு உடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் சொன்னதைக் கேட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகுதான் தாளை வாங்கினாள்.

"எதுகா?"

"இந்தா, இந்த வரி. இது கொழும்பு. இது அஞ்ஞூறு."

"இது அவன் எடுத்ததா?"

"அவர்ர நம்பருக்குக் கீழதான் கிடக்கு மாமி."

சீதேவிப்பிள்ளைக்கு இங்கிலீஸ் தெரியாது. இலக்கம் தெரியும். ஐந்து, சைபர், சைபர் என்று விரலால் தடவிப் பார்த்தாள். கத்தி அழுவாள் என்று யசோதினி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"அப்ப அண்டைக்குச் சாப்பிட்டிருப்பான் புள்ள" என்றாள்.

மகன் போன நாளிலிருந்து ஒரு நேரம்தான் சாப்பிட்டு வந்த மனுசி, அன்று மாலை இரண்டாம் தரம் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டு சோறு போட்டாள். வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு மடிப்பிச்சை எடுத்துப் போடுவதாக நேர்ந்துகொண்டாள். மடிப்பிச்சை என்றால் சும்மா இல்லை. மானத்தை விட்டு, வீடு வீடாகப் போய்ச் சேலைத் தலைப்பை ஏந்தி நின்று, விழுகிற அரிசியையும் காசையும் அப்படியே அம்மனுக்குக் கொடுக்க வேண்டும். சாதாரண விஷயத்துக்கு யாரும் அதை நேர்வதில்லை.

மறுநாள் யசோதினி வங்கிக்குப் போனாள். இர்ஷாத் இப்போது வேப்பமர நிழலில் இல்லை, கண்ணாடிக்குள் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"இரிங்க அக்கா."

அவள் இருந்து, பில்லை நீட்டி, வரியைக் காட்டினாள்.

"இது எந்த மெஷின் தம்பி? கொழும்பில எந்த இடம்?"

அவன் தாளைப் பார்த்தான். கொம்பியூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தான். அது அவனுக்கு முன்பே தெரிந்த விஷயம் என்பதும், தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருக்கிறான் என்பதும் அவளுக்கு விளங்கியது.

"அக்கா, இது ஆள் எடுத்த காசு இல்ல."

"அவர்ர நம்பருக்குக் கீழ கிடக்கே."

"ஓம் அக்கா. மாசிலருந்து காட் நிபந்தனய மாத்திட்டாங்க. மெஷின்ல எடுத்த காசு, மாசம் நாலாந்திகதி பாக்கி நிண்டா, ஒரு ரூபா நிண்டாலும் சரி, அஞ்ஞூறு ரூபா சேவைக் கட்டணம். அதையும் பணக் கடன் மாதிரித்தான் கணக்கில ஏத்துறாங்க, அதுக்கும் அண்டையிலருந்து வட்டி. மெயின் காட் ஆர்ர பேர்லயோ அதிலதான் விழும். நீங்க பில் வந்த பொறகுதானே கட்டுறீங்க, அதுதான் பாக்கி நிண்டிருக்கு."

"கொழும்பு எண்டு போட்டிருக்கு."

"ஹெட் ஒபிஸ் கொழும்பிலதானே அக்கா. அங்க இரிக்கிற கொம்பியூட்டர் போடுறது. மெஷினும் இல்ல, ஆளும் இல்ல." சொல்லிவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான். "நோட்டீஸ் ஒண்டு அனுப்பினமே. போன பில்லோட வந்திருக்கும்."

வந்திருந்தது. மூன்று மொழியிலும் எறும்பெழுத்தில் அச்சடித்த தாள். ஒரு பக்கம் வெற்றாக இருந்ததால், வீணாக்கக் கூடாதென்று அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொப்பிக் கணக்குப் போட்டுவிட்டு எறிந்திருந்தாள். எறியாமல் விட்டிருந்தாலும் அவள் வாசித்திருக்க மாட்டாள். வங்கி அனுப்புகிற நோட்டீசைக் குந்தியிருந்து வாசித்த மனுசர் உலகத்தில் உண்டா? அது வங்கிக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த எழுத்தில் அடிக்கிறார்கள்.

இர்ஷாத் உதவி செய்ய நினைத்தான். அந்த ஐந்நூறை ஒரு தரம் திருப்பி எடுத்துத் தரலாம் என்றான். ஆனால் அதற்கு அட்டைக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அதை மறைக்க அவசரமாக இன்னொன்றைச் சொன்னான்.

"மரணச் சான்றிதழ் ஒண்டு எடுத்துத் தந்தா, வங்கியே கணக்க மூடி பாக்கியக் கழிச்சிரும் அக்கா. நீங்க ஒரு சதமும் கட்டத் தேவல்ல. நான் சொல்லணுமே எண்டு செல்றன், கோவிச்சுக்காதீங்க."

"கோவம் இல்ல தம்பி" என்றாள் யசோதினி. உண்மையாகவே இல்லை. "அப்ப நாலாந்திகதிக்கு முதல் முழுக்கக் கட்டிட்டா அந்த வரி வராதா?"

"வராது."

"கொஞ்சம் விட்டா?"

"அம்பது ரூபா விட்டாலும் வரும் அக்கா."

அவள் தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது, மாமிக்குச் சொல்ல வேண்டிய வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "மாமி, அது அவர் எடுத்ததில்லையாம்." அவ்வளவுதான். சின்ன வசனம். வீட்டுப் படலையைத் திறந்தபோது, சீதேவிப்பிள்ளை குளித்துத் தலை வாரி, மகனுடைய சேட்டுகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் கிடந்து பூச்சி மணம் பிடித்துவிட்டதாம். வந்ததும் போடக் கேட்பானாம்.

"அஞ்ஞூறு ரூபா கொழும்பில எத்தின நாளைக்குக் காணும் புள்ள?"

"சிக்கனமா இருந்தா மூணு நாலு நாளைக்குக் காணும் மாமி."

"அவன் சிக்கனந்தானே" என்றாள் கிழவி.

அந்தச் சின்ன வசனம் யசோதினியின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் வங்கிக் கவுண்டரில் பணத்தைக் கட்டும்போது, அவளே அறியாமல் என்று சொல்ல மாட்டேன், நன்றாக அறிந்துதான், ஐம்பது ரூபாயைக் குறைத்துக் கட்டினாள். கவுண்டரில் இருந்த இளம் பெட்டை எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்பது ரூபா குறையுது மிஸ்."

"தெரியும். அது நிக்கட்டும்."

ஐம்பது ரூபாய் பாக்கி நின்றது. ஏப்ரல் நாலாம் திகதி, கொழும்பு, ஐந்நூறு ரூபாய் என்று பில் வந்தது. சீதேவிப்பிள்ளை தபால்காரனிடமிருந்து தானே வாங்கி, தானே பிரித்து, மேல் பாதியில் இலக்கத்தைத் தேடிப் பிடித்துவிட்டு, மருமகள் வேலையால் வரும் வரைக்கும் தாளை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மே மாதமும் வந்தது. இப்போது யசோதினிக்கு மெஷினுக்குப் போகும் வேலையும் இல்லை. கணக்கு தன்னைத் தானே தின்றுகொண்டு உயிரோடு இருந்தது. ஆயிரம் ரூபாய் எடுத்த காலத்தில் மாதம் இருநூறு சொச்சம் போனது, இப்போது ஐந்நூறு சொச்சம் போகிறது. அதற்கு ஒரு கிழவி இரண்டு நேரம் சாப்பிடுகிறாள். கடைக்காரக் கணக்கில் பார்த்தாலும் நட்டம் என்று சொல்ல முடியாது.

ஆனால் கிழவியின் வாய் சும்மா இருக்குமா? ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஒரு நாள் கடைக்கு அன்னப்பூரணி வந்தாள். கிரான்குளத்துப் பெண், மகனைத் தேடுகிறவள், அவனுடைய படத்தை யசோதினி குறைந்தது பத்துத் தரமாவது கொப்பி அடித்திருப்பாள். அன்றைக்கு அவள் கொப்பி அடிக்க வரவில்லை.

"தங்கச்சி, உங்கட ஆள் கொழும்பில காசு எடுக்கிறாராம் எண்டு கேள்விப்பட்டன். எங்கட மகன்ர பேருக்கும் அப்பிடி ஒரு காட் எடுக்கலாமா? எந்த பேங்க்?"

யசோதினி கொப்பி மெஷினின் மூடியைத் திறந்தாள், மூடினாள். உள்ளே ஒன்றும் இல்லை. வெறுமனே பச்சை வெளிச்சம் போய் வந்தது.

"அது சம்பளம் எடுக்கிற ஆக்களுக்குத்தான் குடுக்கிறது அக்கா."

"அவன் படிச்சுக்கொண்டிருந்தவன்" என்றாள் அன்னப்பூரணி. ஏதோ அது மகனுடைய பிழை என்பது போலச் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த முகத்தை யசோதினியால் அன்று முழுக்க மறக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்குள் தெளிவாக உறைத்தது அந்த வெட்கம் ஒன்றுதான்.

மே மாதத்தில் சண்டை முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள். ரோட்டில் மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். கடை முதலாளி வாசலில் கொடி கட்டச் சொன்னார், அவளே கதிரையில் ஏறிக் கட்டினாள். கையில் தந்த பாற்சோற்றையும் வாங்கினாள், தின்றாள். எதற்குத் தின்கிறோம் என்று யோசிக்கவில்லை. அன்று கொப்பி அடிக்க ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள் வழக்கத்தை விடக் கூட்டம்.

வீட்டில் சீதேவிப்பிள்ளை ரேடியோவை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"சண்ட முடிஞ்சிட்டாம் புள்ள. இனிக் கொழும்புக்குப் போக ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவல்ல. அவன் மாசா மாசம் நாலாந்திகதிதானே காசு எடுக்க வாறான்? மூணாந்திகதி பஸ் ஏறுவம். விடியவே அந்த மெஷினடியில போய் நிப்பம்."

யசோதினி கைப்பையை இறக்கி வைத்தாள்.

"வாற நேரம் தெரியாது எண்டு பாக்கிறயா? பின்னேரம் வரைக்கும் நிப்பன். என்ட பிள்ளய எனக்குத் தெரியாதா? நடையிலயே கண்டு பிடிப்பன்."

மூலையில் ஒரு பேக் தயாராக இருந்தது. உள்ளே இரண்டு சேட்டு, உடுக்க ஒரு சாரம், போத்தலில் றால் கருவாடு. கருவாட்டு மணம் வெளியே வராமல் வாயில் பொலித்தீன் கட்டியிருந்தாள். யசோதினி அந்தப் பொலித்தீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் ஏதோ ஒரு பெரிய கட்டிடத்தின் கீழே, ஆரென்றும் தெரியாத ஆயிரம் பேர் போய் வருகிற வாசலில், ஒவ்வொருவனின் நடையையும் பார்த்துக்கொண்டு இந்த மனுசி கருவாட்டுப் போத்தலோடு நிற்பாள். பின்னேரம் வரை நிற்பாள். அடுத்த மாதமும் போகக் கேட்பாள். ஐம்பது ரூபாய் பாக்கி அவர்களை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது.

"மடிப்பிச்சை நேந்த நீங்கள், அத முடிக்காமப் போகக் கூடாது மாமி" என்றாள். "சடங்கு முடியட்டும். வாற மாசப் பில்லயும் பாப்பம். நாலாந்திகதி எடுத்திருந்தாரெண்டா மறுகா அதுக்கடுத்த மாசம் போவம்."

அம்மனை இழுத்ததால் கிழவி மறுக்கவில்லை. அடுத்த நாளே சேலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக இறங்கிவிட்டாள். ஊர்ச் சனம் அரிசி போட்டது. சிலர் போடும்போது, கூடப் போன யசோதினி நிற்கிற பக்கம் பார்க்காமல் போட்டார்கள்.

மாதம் முடியுமுன் அவள் வங்கிக்குப் போய் இர்ஷாத்துக்கு முன்னால் இருந்தாள்.

"தம்பி, பாக்கிய முழுக்கக் கட்டணும். பில்லில உள்ளது காணாது, இண்டைய வட்டியும் சேத்துச் சொல்லுங்க. ஒரு சதமும் நிக்கப்படாது."

அவன் கணக்குப் பார்த்துத் துண்டில் எழுதித் தந்தான். எதற்கு இப்போது என்று கேட்கவில்லை. ஏன் இத்தனை மாதம் ஐம்பது ரூபாயை விட்டு வைத்தாள் என்றும் கேட்கவில்லை. கொம்பியூட்டரில் அதைப் பார்த்திருப்பான், பொய் சொல்லத் தெரியாதவனுக்குப் பார்க்காத மாதிரி இருக்கத் தெரிந்திருந்தது.

"கணக்க மூடவா அக்கா?"

"மூட வேணாம். எப்பயாவது எடுத்திட்டு அடுத்த நாளே கட்டிருவன். கணக்கு கிடக்கட்டும்."

கவுண்டரில் அதே பெட்டைதான் இருந்தாள். யசோதினி தாள்களை எண்ணி வைத்தாள், சில்லறையையும் வைத்தாள். பெட்டை சரி பார்த்து, சீல் குத்தினாள். அந்தச் சீல் விழுந்த சத்தத்தில் அவளுக்கு ஒன்று தோன்றியது. மரணச் சான்றிதழுக்கென்று கிராம சேவகர் நீட்டிய தாளில், வங்கி கேட்ட தாளில், ஒன்றிலும் அவள் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் கொழும்பில் மூன்று மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவனை இப்போது அவள்தான் காசு கட்டி நிறுத்தினாள். அழுகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. துண்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.

ஆனி மாதப் பில் வந்த அன்று கொஞ்சம் முந்தியே வீட்டுக்கு வந்தாள். தபால் வந்துவிட்டது என்பதைக் கிழவி இருந்த இருப்பிலேயே கண்டுகொண்டாள். சீதேவிப்பிள்ளை கதவு நிலையில் சாய்ந்து கொண்டு, பிரித்த தாளை மடியில் விரித்து வைத்திருந்தாள். இலக்கங்களின் மேல் விரல் ஓடிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழே, மறுபடியும் மேலிருந்து கீழே.

"இதில கொழும்பு இல்லயே புள்ள."

யசோதினி வாங்கிப் பார்த்தாள். பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மேல் பாதி வெறுமை.

"இல்ல மாமி. இந்த மாசம் எடுக்கல்ல."

இதற்காகத்தான் அவள் பத்து நாளாகத் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள். கிழவி விழுந்தால் பிடிக்க வேண்டும், கத்தினால் தண்ணீர் கொடுக்க வேண்டும், அதன் பிறகு கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். செம்பில் தண்ணீர்கூட எடுத்துக் கிட்ட வைத்துக்கொண்டாள்.

சீதேவிப்பிள்ளை தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள். பிறகு அவளுடைய முகம் மெல்ல மெல்ல இளகியது.

"வேல கிடச்சிட்டு போல" என்றாள்.

"என்ன மாமி?"

"வேல கிடச்சிருக்கும் புள்ள. சம்பளம் வருது, மறுகா எதுக்கு வட்டிக்கு எடுக்கிற? அவனுக்கு ஒத்துக்காது கடன் எடுக்க, உனக்குத் தெரியுந்தானே. இவ்வளவு நாளும் வழியில்லாமத்தான் எடுத்திருக்கான்." கண்ணகி அம்மன் கோயில் இருக்கிற திசைக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இனி மெஷினடிக்கெல்லாம் போகத் தேவல்ல. நாலு காசு சேத்துக்கொண்டு அவனே வருவான்."

யசோதினி கையில் செம்போடு நின்றாள். அதை மெல்ல நிலத்தில் வைத்தாள்.

"ஓம் மாமி" என்றாள்.

கிழவி எழுந்து போய், மூலையில் இருந்த பேக்கை அவிழ்த்து, சேட்டு இரண்டையும் எடுத்து அலுமாரியில் மடித்து வைத்தாள். கருவாட்டுப் போத்தலைக் குசினிக்குக் கொண்டுபோய், இரவுக்கு இதைக் குழம்பு வைப்போமா என்று அங்கிருந்து கேட்டாள். யசோதினி வைப்போம் என்றாள். அடுப்பை மூட்டி, அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். பாக்கியை முழுக்கக் கட்டியவள் அவளே. கட்டிய துண்டு அவளுடைய கைப்பைக்குள்தான் கிடந்தது. அப்படியிருந்தும், சோறு கொதிக்கும் வரை அடுப்படியில் குந்தியிருந்துகொண்டு, அவருக்குக் கொழும்பில் என்ன வேலை கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.